விளையாட்டு பீரியடில் நம் பிள்ளை எங்கே இருக்கிறது?

 

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன் கல்வி உதவி கேட்டு நமது டிரஸ்டுக்கு மனுக்கள் வருகின்றன. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக வரும் மனுக்களும் அவற்றில் உண்டு. சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, காலிப்பர், பள்ளிக்குப் போய்வர ஆட்டோ வாடகை என்று கேட்பார்கள். மனுவைப் பூர்த்தி செய்யும்போது பெற்றோரிடம் நாம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: “பி.டி. பீரியடில் பிள்ளை என்ன செய்கிறது?”

பதில்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. “ஓரமா உட்கார்ந்து பார்ப்பான்.” “மத்தப் பிள்ளைங்க பையையும் செருப்பையும் பார்த்துக்குவா.” “கிளாஸிலேயே இருந்து எழுதச் சொல்லிடுவாங்க.” சில தாய்மார்கள், “நாங்கதான் லெட்டர் எழுதிக் கொடுத்தோம். விழுந்து அடிபட்டா யார் பார்க்கிறது?” என்று சொல்வார்கள்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆசிரியருக்குப் பயம், பெற்றோருக்குப் பாசம். ஆனால் ஓரமாக உட்கார வைப்பதுதான் பாதுகாப்பு என்று நாம் நினைப்பது சரியல்ல. அந்த ஓரத்திலும் பிள்ளைக்கு ஆபத்து உண்டு. அது மெதுவாக வருவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை விளக்கவும், என்ன செய்யலாம் என்று சொல்லவுமே இந்தக் கட்டுரை.

உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும்?

செரிப்ரல் பால்சி எனப்படும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளையை எடுத்துக்கொள்வோம். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளுக்கு நாள் வளர்வதில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறது, எலும்பு நீள்கிறது. இறுகியிருக்கும் தசை அதே வேகத்தில் நீள்வதில்லை. அசைவு குறையக் குறைய மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடும். ஐந்து வயதில் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை பன்னிரண்டு வயதில் நடக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றப் பிள்ளைகளுக்கும் நஷ்டம் உண்டு. ஓடாத பிள்ளைக்கு எடை கூடுகிறது. எடை கூடினால் காலிப்பர் போட்டு நடப்பது இன்னும் கஷ்டம். தூக்கிச் சுமக்கும் தாய்க்கு இடுப்பு வலி. மலச்சிக்கல், தூக்கமின்மை, எலும்பு பலவீனம் எல்லாம் கூடவே வருகின்றன.

உடலுக்கு வரும் நஷ்டம் இது. மனதுக்கு வருவது வேறு. பிள்ளைகள் நண்பர்களைச் சேர்ப்பது வகுப்பு பெஞ்சில் அல்ல, மைதானத்தில்தான். சண்டை போட்டு சமாதானம் ஆவது, தோற்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அங்கேதான் பழகுகிறது. அதிலிருந்து தினமும் ஒதுக்கப்படும் பிள்ளை, “நான் இவர்களில் சேர்ந்தவன் அல்ல” என்ற பாடத்தைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறது. எட்டாம் வகுப்பில் “இனி ஸ்கூலுக்குப் போகமாட்டேன்” என்று நிற்கும் பிள்ளைகளிடம் காரணம் கேட்டால், கணக்குப் பாடத்தைவிட தனிமையைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைக்கும்படி விளையாட வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் அது அதே 60 நிமிடத்தைத்தான் சொல்கிறது. ஒரேயடியாக 60 நிமிடம் முடியாவிட்டால் முடிந்ததிலிருந்து தொடங்கி மெல்லக் கூட்டலாம். சிறிதளவு அசைவும் ஒன்றுமில்லாததைவிட மேல்.

இயன்முறை மருத்துவரிடம் வாரம் ஒரு நாள் அழைத்துப் போகிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். அது அவசியம், விடக்கூடாது. ஆனால் அங்கே அரைமணி நேரம் அழுதுகொண்டே கை நீட்டும் பிள்ளை, பந்து பிடிக்கும்போது அதே கையைச் சிரித்துக்கொண்டே நூறு முறை நீட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது பள்ளி பார்த்துச் செய்யும் தயவு அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. 21 வகையான குறைபாடுகள் அதில் இடம்பெற்றுள்ளன. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்ப்பதுடன், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பை அளிக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று அச்சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும், பள்ளிக்குள் நடக்கும் விளையாட்டில் இப்பிள்ளைகளுக்குச் சம இடம் வேண்டும் என்று தனியாகவே குறிப்பிடுகிறது.

சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பது பள்ளியோடு மல்லுக்கு நிற்பதற்காக அல்ல. கேட்க நமக்கு உரிமை உண்டு என்ற தைரியத்தில், மரியாதையாகப் பேசுவதற்காக.

மார்க்கம் காட்டும் முன்மாதிரி

கண்பார்வை இல்லாத சஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் அனைவரும் அறிவோம். அவருக்கு நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தாம் வெளியூர் செல்லும்போது மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குறை இருக்கிறதே என்று ஓரமாக உட்கார வைக்கவில்லை. பட்டப்பெயர் வைத்து ஒருவரையொருவர் இழிவுபடுத்துவதை சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. ஆனால் நம் தெருவிலேயே “நொண்டி”, “செவிடு”, “ஊமை” என்பவை பிள்ளைகளின் பெயர்களாகிவிட்டன. ஒற்றைக் காலில் தாண்டும் விளையாட்டுக்குக்கூட “நொண்டி” என்றுதான் பெயர். அதைப் “பாண்டி” என்று சொல்லப் பழக்கினால் என்ன குறைந்துவிடும்? பிள்ளையை அதன் சொந்தப் பெயரால் அழைப்பதில்தான் விளையாட்டில் சேர்ப்பது தொடங்குகிறது.

எப்படிச் சேர்ப்பது? நான்கு மாற்றங்கள்

பெரும்பாலான விளையாட்டுகளில் நான்கு விஷயங்களில் ஒன்றை மாற்றினாலே போதும்: இடம், பொருள், விதி, ஆள்.

இடம்: மைதானம் முழுவதும் ஓட வேண்டியதைப் பாதி மைதானமாகச் சுருக்கலாம். சக்கர நாற்காலி மணலில் ஓடாது. பள்ளியின் சிமெண்ட் தரையிலோ கெட்டியான மண் தரையிலோ விளையாடலாம். தரையில் கயிற்றை நீட்டி அதன்மேல் அகலமான டேப் ஒட்டினால், பார்வையற்ற பிள்ளை கோடு எங்கே என்று காலால் உணரும்.

பொருள்: சிறிய வேகமான பந்துக்குப் பதில் பெரிய, காற்று சற்று இறக்கிய பந்து. அது மெதுவாக உருளும். பந்தைப் பாலிதீன் பையில் சுற்றிக் கட்டினால் உருளும்போது சரசரவென்று சத்தம் வரும், பார்வையற்ற பிள்ளை சத்தத்தை வைத்தே பிடித்துவிடும். பார்வை மங்கிய பிள்ளைக்குப் பளிச்சென்ற மஞ்சள் பந்து நல்லது. பந்தைப் பிடிக்க விரல் வராத பிள்ளைக்குப் புளியங்கொட்டை போட்டுத் தைத்த சிறு துணிப்பை போதும். எறியலாம், பிடிக்கலாம், உருண்டு ஓடாது.

விதி: பந்து ஒருமுறை தரையில் பட்டதும் அடிக்க வேண்டும் என்றால், இவனுக்கு இரண்டு முறை படலாம் என்று வைக்கலாம். சக்கர நாற்காலி டென்னிஸில் உலக அளவில் உள்ள விதியே இதுதான். கிரிக்கெட்டில் இவன் அடிக்கட்டும், இன்னொருவன் ஓடட்டும். வாலிபாலை எல்லாரும் தரையில் உட்கார்ந்து, வலையைத் தாழ்த்திக் கட்டி விளையாடலாம். அமர்ந்து ஆடும் வாலிபால் பாராலிம்பிக்கில் உள்ள விளையாட்டு. நன்றாக நடக்கும் பிள்ளைகளை அதில் உட்கார வைத்துப் பாருங்கள், யார் கெட்டிக்காரர் என்பதே மாறிப்போகும்.

ஆள்: கூட ஒரு ஜோடி. பார்வையற்ற ஓட்டக்காரர்கள் ஒரு சிறு கயிற்றின் ஒரு முனையையும் துணை ஓட்டக்காரர் மறுமுனையையும் பிடித்து ஓடுவது உலகப் போட்டிகளிலேயே உண்டு. பள்ளியில் ஒரு கைக்குட்டை போதும். துணைக்கு வரும் பிள்ளை வாராவாரம் மாற வேண்டும். ஒரே பிள்ளையிடம் விட்டால் அதற்கு அது சுமையாகிவிடும்.

எதை மாற்றினாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்றிய பிறகும் அது விளையாட்டாக இருக்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து வேண்டுமென்றே தோற்று இவனை ஜெயிக்க வைத்தால், பிள்ளை அதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். தோற்கும் உரிமையும் விளையாட்டில் ஒரு பங்குதான்.

பிள்ளைக்கு ஏற்ப

காது கேளாத பிள்ளைக்கு விசில் கேட்காது. விசிலோடு ஒரு வண்ணக் கொடியையும் அசைத்தால் போதும். விதிகளைச் சொல்வதைவிட ஒருமுறை விளையாடிக் காட்டுவது நல்லது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கூச்சலும் விசிலும் தாங்காமல் இருக்கலாம். முதலில் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு, தினமும் ஒரே விளையாட்டு, ஒரே வரிசை. அடுத்து என்ன வரும் என்று படம் வரைந்து காட்டினால் அமைதியாகச் சேரும். அது தனியே ஊஞ்சலாட விரும்பினால் அதுவும் விளையாட்டுத்தான்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரே விதி. “பந்தை எடு, ஓடு, கூடையில் போடு” என்பதை மூன்று நாளாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கலாம்.

எங்கே எச்சரிக்கை தேவை?

பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்று சரியாகத் தெரிந்தால் மற்றவற்றுக்கு வீணாகப் பயப்பட வேண்டியதில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது வேண்டாம். இவர்களில் பலருக்குப் பிறவி இதயக் குறை இருப்பதால் அதையும் பரிசோதித்திருக்க வேண்டும்.

வலிப்பு நோய் உள்ள பிள்ளை ஓடலாம், பந்து விளையாடலாம். உயரத்தில் ஏறுவதும், ஆள் துணையின்றித் தண்ணீரில் இறங்குவதும் கூடாது.

முதுகுத்தண்டு பிறவிக் குறையான ஸ்பைனா பிஃபிடா உள்ள பிள்ளைக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கும். நம் ஊர் வெயிலில் சுடும் தரையில் வெறுங்காலோடு இருந்தால் தோல் வெந்துபோவதுகூட அதற்குத் தெரியாது. ஷூ கட்டாயம். விளையாடி முடித்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். இவர்களில் பலருக்கு ரப்பர் ஒவ்வாமை உண்டு என்பதால் பலூன் விளையாட்டைத் தவிர்க்க வேண்டும்.

தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளை களைத்துப்போகும்வரை விளையாடக் கூடாது. திரும்பத் திரும்பக் குதிப்பதும் படியிறங்குவதும் தசைக்குக் கேடு. மெதுவான விளையாட்டும் இடையிடையே ஓய்வும் நல்லது.

ஹீமோபிலியா எனப்படும் இரத்தம் உறையாமை உள்ள பிள்ளை கபடி போல மோதிக்கொள்ளும் விளையாட்டில் சேரக் கூடாது. தலையில் தண்ணீர் வடிய ஷன்ட் குழாய் வைத்த பிள்ளைக்கும், காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைக்கும் தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் கேட்கும் முறையும் முக்கியம். “டாக்டர், பிள்ளை விளையாடலாமா?” என்று கேட்டால், “வேண்டாம், பார்த்துக்குங்க” என்று ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடும். “எது விளையாடலாம், எது கூடாது, எவ்வளவு நேரம்?” என்று கேளுங்கள். அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பள்ளியில் பேசுவது எப்படி?

பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே தலைமையாசிரியரையும் உடற்கல்வி ஆசிரியரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக் கொண்டு போங்கள்: பிள்ளையால் என்ன முடியும், எது கூடாது, களைப்போ வலியோ வந்தால் எப்படித் தெரியும், என்ன மருந்து சாப்பிடுகிறது, அவசரத்துக்கு யாரை அழைப்பது. “என்ன முடியும்” என்பது முதலில் இருக்கட்டும்.

அடுத்து ஒரு வார்த்தையைப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும்: “சார், ஓடும்போது விழுந்து முட்டி சிராய்த்தால் நாங்கள் உங்களைக் குறை சொல்லி வரமாட்டோம்.” பல ஆசிரியர்களின் தயக்கம் இந்த ஒரு பயத்தில்தான் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளின் முட்டியில் சிராய்ப்பு இல்லாத நாள் உண்டா? நம் பிள்ளைக்கு மட்டும் அது ஏன் பெரிய விபத்தாக வேண்டும்? கவனக்குறைவால் நடப்பதைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சாதாரணமாக விழுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கு வரும் நாளைக் கேட்டறிந்து, பிள்ளைக்கு ஏற்ற விளையாட்டை உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லித் தரும்படி கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அந்தக் கூட்டத்தில் சாய்தளம், நிழல், குடிநீர், கழிப்பறை பற்றிப் பேசுங்கள். கழிப்பறை வசதி இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளை எப்படி விளையாடும்?

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவைப் பலரும் அறிவீர்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் பாதிக்கப்பட்டவர். அவர் பள்ளியில் படிக்கும்போது உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஊக்கப்படுத்தி அவரை உயரம் தாண்ட வைத்தார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். நம் பிள்ளைகள் எல்லாரும் பதக்கம் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் அவரை பைகளுக்குக் காவலாக உட்கார வைத்திருந்தால் அவருக்கே தன் திறமை தெரியாமல் போயிருக்கும் என்பதற்காகச் சொல்கிறோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

மனம் விட்டே பேசுவோம். நம் சமூகத்தில் மாற்றுத்திறனாளிப் பெண் பிள்ளைக்கு இரட்டைத் தடை. குறை ஒரு தடை, “பொட்டப் பிள்ளைக்கு என்ன விளையாட்டு” என்பது இன்னொரு தடை. ஆறு, ஏழு வயதிலேயே வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறோம். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. பெண் ஓடுவது மார்க்கத்துக்கு அந்நியமானதல்ல.

பிள்ளை பெரியவளாகும்போது உடை, இடம், யார் பார்க்கிறார்கள் என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி உண்டு. தளர்வான பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும், பின் குத்தாமல் நிற்கும் துணி மக்கனாவும் விளையாடத் தோதானவை. பெண் ஆசிரியை, மாணவிகளுக்குத் தனி நேரம் வேண்டும் என்று பள்ளியில் கேட்கலாம். கேட்காமலேயே “அவளுக்கு வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டிலும் மக்தபிலும்

நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் டியூஷன், மஃரிபுக்கு முன்னோ பின்னோ மக்தப். நம் பிள்ளைகளின் மாலை நேரம் இப்படியே முடிந்துவிடுகிறது. அஸருக்குப் பிறகு அரைமணி நேரம் விளையாட்டுக்கு ஒதுக்குவதால் ஓதல் குறையாது. ஓடி வந்த பிள்ளை நன்றாகவே ஓதும். மக்தபில் இடைவேளையில் பிள்ளைகள் விளையாடும்போது, இந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும்படி உஸ்தாத் ஒரு வார்த்தை சொன்னால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

வீட்டில் அண்ணன், தங்கை, சாச்சா பிள்ளைகளோடு விளையாடட்டும். கோலி, பல்லாங்குழி, தட்டாங்கல் விரலுக்கு நல்ல பயிற்சி. துணிப்பையை வாளிக்குள் எறிவது தோளுக்கு நல்லது. வாப்பாமார்களே, வெள்ளிக்கிழமை மாலையாவது பிள்ளையைத் தெருவுக்கு அழைத்து வாருங்கள். நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் நமக்குத்தான். பிள்ளைக்கு அந்தக் கூச்சத்தைக் கற்றுக்கொடுப்பதும் நாமேதான்.

நமது டிரஸ்ட் என்ன செய்கிறது?

கல்வி உதவி மனுவில் பி.டி. பீரியட் பற்றிய கேள்வியை இந்த ஆண்டு எழுத்தாகவே சேர்த்திருக்கிறோம். பள்ளியில் பேசத் தயங்கும் பெற்றோருடன் நமது உறுப்பினர் ஒருவர் கூட வருவார். மேலே சொன்ன ஐந்து விஷயத் தாளை எழுதிக் கொடுக்கவும் உதவுவோம். புளியங்கொட்டைத் துணிப்பை தைத்துத் தர முன்வரும் சகோதரிகள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். ஸதகாவாகப் பந்து, ஷூ வாங்கித் தர விரும்புவோரும் தெரிவிக்கலாம். சக்கர நாற்காலி கொடுத்துப் போட்டோ எடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. அந்த நாற்காலி மைதானம்வரை போகிறதா என்று பார்ப்பதும் சேர்ந்ததே கடமை.

நாளை உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்பதோடு “இன்று யாரோடு விளையாடினாய்?” என்றும் கேளுங்கள். குறையில்லாத பிள்ளைகளைப் பெற்றவர்கள், “உன் வகுப்பில் விளையாடாமல் உட்கார்ந்திருப்பது யார்? நாளைக்கு அவனையும் சேர்த்துக்கொள்” என்று சொல்லி அனுப்புங்கள்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தையும், நல்ல தோழமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்